மஞ்சளா சிவப்பா என்று யாரும் கேட்கவில்லை

வண்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எதிரே வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே வாய் ஒட்டிக்கொள்ளும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் என்றாலும், எழுதித் தருவது எனக்கு அதைவிடச் சுலபம். இடுப்பு ஒத்துழைக்காததால் வேலையை விட்டுவிட்டேன். கோபத்தை மட்டும் விட முடியவில்லை. அந்தக் கோபத்தைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எஞ்சினைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதை ஷெட்டிலேயே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது டேஷ்போர்டில் எரியும் ஒரு சின்ன விளக்கைப் பற்றி.

இரண்டாயிரம் பிறந்த பிறகு வந்த வண்டிகளில்தான் அந்த விளக்கை முதலில் பார்த்தோம். எண்ணெய் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று வண்டியே சொல்லும். எண்ணெய்க் குவளை மாதிரி ஒரு படம், மஞ்சள் நிறத்தில் எரியும். புது எண்ணெய் ஊற்றினாலும் அது தானாக அணையாது. சாவியைப் போட்டு, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழை அழுத்திப் பிடித்து நாம்தான் அணைக்க வேண்டும். அதே குவளை சிவப்பாக எரிந்தால் விஷயமே வேறு. எஞ்சினுக்குள் எண்ணெய் ஓடவில்லை என்று அர்த்தம். இருந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஒரே படம், இரண்டு நிறம். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே படியுங்கள்.

நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் கரமனைப் பக்கம் இருந்தது. பெரிய ஷெட், நிறைய ஆட்கள். எல்லா வேலைக்கும் ஆள் உண்டு, அந்த மஞ்சள் விளக்கை அணைப்பதற்கு மட்டும் ஆள் கிடையாது. "எண்ணெய் மாத்தியாச்சு, என் வேலை முடிஞ்சுது. விளக்கு எலக்ட்ரீஷியன் பாடு" என்று மெக்கானிக் சொல்வான். "பல்பு போச்சா, வயர் போச்சா? ரெண்டும் இல்லேல்லா? அப்போ என்னை எதுக்கு விளிக்கே?" என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். தண்ணீர் அடிப்பவனுக்கு அதில் கை வைக்க அனுமதி இல்லை. கடைசியில் யாருக்காவது தோன்றினால் அணைப்பார்கள், தோன்றாவிட்டால் வண்டி அப்படியே வாசலைத் தாண்டிப் போகும்.

வண்டிக்காரர்கள் போன் செய்வார்கள். ஷெட்டின் நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் போன். சர்வீஸ் மேனேஜர்தான் எடுப்பார். அவர் கெட்ட மனுஷர் என்று நான் அப்போது நினைத்ததில்லை. சிரித்த முகம், நல்ல குரல். "சாரமில்ல, சாரமில்ல. அது நம்ம ஆளுகள் அணைக்க மறந்ததாக்கும். வண்டி ஓட்டிக்கோ. இனி வரும்போ பார்க்கலாம்" என்பார். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊர் மலையாளத்தில் சாரமில்ல என்று சொல்வார்கள். நாள் முழுக்க அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே இருப்போம். சிலர் எண்ணெய் மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்துத் தரச் சொல்லி வருவார்கள். அவர்களுக்கும் அவர் சிரித்துக்கொண்டே குமிழை அழுத்திக் கொடுப்பார். எரிய வேண்டியதை அணைப்பார், அணைக்க வேண்டியதை எரிய விடுவார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவரிடம் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை நான். பேசும் ஆட்களும் பேசவில்லை.

ஓணத்துக்கு முன்னால் ஷெட்டில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு நாள் சாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசி வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சியின் வண்டி வந்தது. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். டிரைவர் ராஜய்யனுக்குப் பாறசாலை. ராஜய்யன் என் வயதுக்காரன், வந்தால் என்னிடம்தான் வந்து நிற்பான். அண்ணாச்சி வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தாட்கள் வந்திருந்தார்கள், மறுநாள் அவர்களைப் பொன்முடி மலைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினான்.

அந்த வண்டி என் கைக்கு வரவில்லை. வேறொரு மெக்கானிக் எண்ணெய் மாற்றி, ஃபில்டரையும் மாற்றினான். மறுநாள் காலையில் ராஜய்யன் வண்டியை எடுக்க வந்தபோது மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற மேனேஜரிடம் கேட்டான்.

"சார், இந்த லைட்டு அணையலியே?"

"சாரமில்ல ராஜய்யா. பின்னாடி வண்டி நிக்குது பாரு, நீ எடுத்துட்டுப் போ. வரும்போ ஓஃப் ஆக்கித் தராம்."

போய்விட்டான்.

மதியத்துக்கு முன்னால் போன் அடித்தது. நான் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேனேஜர் எடுத்தார்.

"யாரு, ராஜய்யனா? எங்கேருந்து? விதுரையா? என்னப்பா… அந்த லைட்டா? காலையில பறஞ்ஞேனே, மனசிலாகல்லியோ? அது ஒண்ணுமில்ல. ஓட்டு, ஓட்டு. போய் நல்லா சுத்திப் பார்த்துட்டு வா."

வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "ஒரு சின்ன பல்பைக் கண்டு இத்ர பேடியா!" என்று அவன் பயத்தைச் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

மாலையில் வேறொரு போன் வந்தது. பொன்முடி ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில், வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் இறுகிப் போயிற்று.

இழுத்து வருவதற்கு ஜீப்பில் நானும் போனேன். கல்லாறு தாண்டி ஏறும்போதே ரோட்டில் கறுப்புக் கோடு தெரிந்தது. வண்டி ஏறிய வழியெல்லாம் எண்ணெய் ஒழுகியிருக்கிறது. நாலைந்து வளைவு ஏறியதும் வண்டி தென்பட்டது. பின்பக்கம் மலைச் சரிவில் முட்டி, குறுக்காக நின்றது. சக்கரத்துக்கெல்லாம் கல் வைத்திருந்தார்கள். விருந்தாட்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் குழந்தையை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள், யாரிடமும் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தேன். கீழே தேயிலை மட்டும் தெரிந்தது. அது வெகு ஆழத்தில் இருந்தது.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிடும், பிரேக்கும் பாதிக்கு மேல் வேலை செய்யாது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியபோது ராஜய்யன் கையால் இழுத்து ஒடித்து, மலைப்பக்கமாகத் திருப்பி முட்டவிட்டிருக்கிறான். மற்றப் பக்கம் திரும்பியிருந்தால் இதை எழுத எனக்கு மனசு வந்திருக்காது.

என்னைக் கண்டதும் எழுந்து வந்தான். அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"அண்ணே, நான் கேட்டேன்லா? போன் போட்டுக் கேட்டேன்லா? இது சேப்பா எரியுதுன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள வச்சிட்டாரு அந்த ஆளு. ஒண்ணுமில்ல ஓட்டுன்னாரு. அவரு சொன்னா நான் என்னண்ணே செய்ய?"

"நீ செஞ்சது சரி. எல்லாரும் உசிரோட இருக்காவல்லா" என்றேன். அங்கிருந்து வண்டியைக் கயிறு கட்டிக் கீழே இறக்கும்வரை அவன் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

ஷெட்டில் திறந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் அதன்மேலேயே புது ஃபில்டரை முறுக்கியிருக்கிறார்கள். இரண்டு வளையத்துக்கும் நடுவில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மாட்டியவனை அன்று நான் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. அவன் ஓரமாகப் போய் அழுதான். அவன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவசரத்தில் கை செய்த தப்பு. நாளைக்கு உங்கள் கையும் செய்யும். அப்படிச் செய்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அவன் அன்று எல்லோர் முன்னாலும், "நான்தான் போட்டேன்" என்றான்.

வாயைத் திறக்காதவர் மேனேஜர். அவர் ஒரு கணக்குப் போட்டார். எண்ணெய் ஒழுகியது நம் தப்பு, அதை ஒத்துக்கொள்வோம். ஆனால் சிவப்பு விளக்கு எரிந்தும் வண்டியை மலையேற்றியது யார்? டிரைவர். அப்படியானால் எஞ்சின் போனதற்குக் காரணம் டிரைவர். போன் வரவே இல்லை. இதுதான் அவர் வண்டிக் கம்பெனிக்கும் சொன்னது, அண்ணாச்சிக்கும் சொன்னது.

அண்ணாச்சி ராஜய்யனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாலைத் தெரு உங்களுக்குத் தெரியும். ஒரு கடையில் 'இவன் விருந்தாட்களைக் கொல்லப் பார்த்தான்' என்று சொல்லி அனுப்பினால், பக்கத்துக் கடையில் கைவண்டி இழுக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள். ராஜய்யனுக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் பெண்டாட்டி, படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள்.

மறுநாள் அண்ணாச்சி விசாரிக்க ஷெட்டுக்கு வந்தார். ராஜய்யனும் வந்தான். அவனை வாசலுக்கு உள்ளே விடவில்லை, மதிலோரம் நின்றான். கண்ணாடி அறையில் அண்ணாச்சிக்கு டீ வாங்கிக் கொடுத்து மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள்.

எதற்கு என்றே தெரியாமல் போனேன். மேனேஜர் என் தோளில் கை போட்டார். அதற்கு முன்னால் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

"அண்ணாச்சி, இது நம்ம நடராஜன். உங்க ஆளு, தமிழன். நடராஜா, நீ அண்ணாச்சிக்குத் தமிழ்ல நல்லாப் பறஞ்ஞு கொடு. சிவப்பு லைட்டு எரிஞ்சா வண்டி நிறுத்தணும், அது எல்லா டிரைவருக்கும் அறியும். அத்ரயே உள்ளூ, வேற ஒண்ணுமில்ல."

அண்ணாச்சி நாற்பது வருடமாகச் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர். என்னைவிட நன்றாக மலையாளம் பேசுவார். அவருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை. ஒரு பொய்யை மலையாளத்தில் இவர் சொல்லி முடித்துவிட்டார், அது முழுசாகப் பலிக்கவில்லை. அதையே தன் ஆள் வாயால் தமிழில் கேட்டால் அண்ணாச்சி நம்புவார் என்று நினைத்திருக்கிறார். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் யாரிடமும் பேசாதவன், சொன்னதைச் செய்கிறவன் என்பதும் அவருக்குத் தெரியும். தோளில் இருந்த அந்தக் கை எனக்குத் தீயாகச் சுட்டது.

அண்ணாச்சி டீயைத் தொடவில்லை.

"வே, இங்க பாரும். அவன் போன் போட்டேங்கான். இவரு வரவே இல்லங்காரு. நீரு அங்கதானே இருந்தீரு? என்ன சொல்லுதீரு?"

எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே ஷெட்டில் எல்லோரும் வேலை செய்வதுபோல் நின்றார்கள். யாருடைய ஸ்பானரும் சத்தம் போடவில்லை.

"என்னவே, நாக்கு இருக்கா இல்லியா?"

"போன் வந்துது அண்ணாச்சி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "வந்துது. இவருதான் எடுத்தாரு. விதுரையிலேர்ந்து ராஜய்யன். பேரைச் சொல்லித்தான் பேசினாரு. ஒண்ணுமில்ல ஓட்டுன்னாரு. வச்சிட்டுச் சிரிச்சாரு."

தோளிலிருந்து கை போயிற்று. மேனேஜர் முகம் சிவந்து, மேஜையைத் தட்டி, "எடோ! அவன் மஞ்சளா சிவப்பான்னு பறஞ்ஞானா? பறஞ்ஞில்லல்லோ! எனிக்கு எங்ஙனெத் தெரியும்?" என்று கத்தினார்.

அண்ணாச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓஹோ. அப்போ போன் வந்திருக்கு."

எனக்கு அடக்க முடியவில்லை.

"நீங்க கேக்கலியே சார். அவன் சொல்ல வந்தான். மஞ்சளா சிவப்பான்னு ஒரு வார்த்தை நீங்க கேக்கலியே. மேல ஏழு பேரு. கொழந்தை இருந்துது சார், அந்த வண்டியில!"

கடைசி வார்த்தைக்கு நான் கத்தினேன் என்று பிறகு ஷெட்டில் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. நான் அந்த ஷெட்டில் கத்தியது அன்று ஒரு தடவைதான்.

அண்ணாச்சி எழுந்து நேராக வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன், உள்ளே நிற்க முடியவில்லை.

"ஏலே ராஜய்யா, அந்த ஆளுக்குப் போட்டியே போனு, எனக்கு ஏம்ல போடல?"

"உங்களுக்குப் போட்டா நீங்க என்ன சொல்லுவிய முதலாளி? ஒர்க்‌ஷாப்புக்குப் போட்டுக் கேளும்பிய. நான் அதைத்தானே செஞ்சேன்."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாய் மட்டும் நீளம். காலம்பற கடைக்கு வந்து சேரு. பழைய வண்டி சும்மா கெடக்கு, அதை ஓட்டு."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவரும் சொல்லவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. வேலை திரும்பக் கிடைத்தது, அதுவே பெரிது.

எனக்குக் கிடைத்தது தண்ணீர்க் குழாய். மறுநாளே என்னை வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இத்தனை வருடம் எஞ்சினில் கை வைத்தவன், மட்கார்டில் ஒட்டிய சேற்றை அடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தால் என்னைத் தூண் மாதிரி பார்த்துக்கொண்டு போவார். என்னோடு டீ குடித்தவர்கள் தனியாகப் போய்க் குடித்தார்கள். "உனக்கு என்னத்துக்குவே இந்த வேலை?" என்று கேட்டவர்களும் உண்டு. போன் வந்ததை அவர்களும்தான் கேட்டார்கள், கேட்டுச் சிரிக்கவும் செய்தார்கள். அவர்கள்மேல் இருந்த கோபத்தில் ஒரு சொட்டுகூட எனக்கு ஆறவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒருவன் வண்டியை நிறுத்தி, இறங்கி, டெலிபோன் பூத்தைத் தேடிப் போய்ப் போன் போட்டு, "விளக்கு எரியுது" என்கிறான் என்றால், அவன் பயந்துபோய் நம்மை நம்பிக் கேட்கிறான். அவனுக்கு எஞ்சின் தெரியாது, நமக்குத் தெரியும் என்று கேட்கிறான். அவனிடம் ஒரு கேள்வி திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லாதீர்கள். என்ன நிறம்? எப்போதிருந்து? வண்டிக்குக் கீழே பார்த்தாயா? தெரியாவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய வண்டியால் யாரும் பள்ளத்தில் விழுந்ததில்லை. இன்னொன்று, அந்த மஞ்சள் விளக்கை அணைக்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள். எரிய வேண்டாத விளக்கை நாம் எரிய விட்டால், எரியும் விளக்கை மதிக்க வேண்டாம் என்று வண்டிக்காரனுக்கு நாமே பழக்கிக் கொடுக்கிறோம். நாங்கள் இந்த ஊர் முழுக்க அப்படித்தான் பழக்கிவைத்திருந்தோம்.

இவ்வளவு நடந்தபிறகு ஷெட்டில் எல்லோருக்கும் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

அண்ணாச்சி வண்டிக்குக் கம்பெனி செலவிலேயே வேறு எஞ்சின் இறக்கினார்கள். கம்பெனியிலிருந்து பெரிய ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேலை முடிந்து, நான்தான் வண்டியைக் கழுவிவிட்டேன். எடுக்க ராஜய்யன் வந்தான். ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, வாசல்வரை ஓட்டிவந்தான். அங்கே நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். இறங்கி நின்றுகொண்டு, "நடராஜண்ணே, இங்க வாங்க" என்று கூப்பிட்டான்.

போய் எட்டிப் பார்த்தேன். சாவியை அரைத் திருகலில் விட்டிருந்தான். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாரும் அணைக்கவில்லை. எஞ்சினையே மாற்றியிருக்கிறார்கள், இதை அணைக்கவில்லை. கையிலிருந்த குழாயை அப்படியே தரையில் எறிந்தேன்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "எலக்ட்ரீஷியன் எங்கே?" என்றான். எலக்ட்ரீஷியன் தூரத்திலிருந்தே கையை விரித்தார். வாசலுக்குக் குறுக்கே வண்டி. உள்ளே வர வேண்டியது ரோட்டில் நின்று ஹார்ன் அடித்தது, வெளியே போக வேண்டியது பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. ராஜய்யன் பானட்டில் சாய்ந்துகொண்டு கையைக் கட்டியிருந்தான்.

மேனேஜர் ஓடிவந்தார்.

"எந்தா ராஜய்யா, வழியிலயா வண்டி நிறுத்துவே? எடு, எடு."

"லைட்டு எரியுது சார்."

"அது சார…" என்று தொடங்கினார். வார்த்தை அங்கேயே நின்றது. ராஜய்யன் அவர் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன். ஷெட்டே பார்த்தது.

மேனேஜர் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். குமிழை அழுத்திப் பிடித்தார். விளக்கு அணைந்தது. இறங்கப் போனார்.

"இன்னொரு தரம் சாவியைப் போட்டுக் காட்டுங்க சார்" என்றான் ராஜய்யன்.

போட்டுக் காட்டினார். அணைந்தே இருந்தது. ராஜய்யன் ஏறி உட்கார்ந்தான். வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்கே திரும்பினான்.

அந்த விளக்கை அணைக்க மேனேஜருக்கு ஆன நேரம், "சாரமில்ல, வரும்போ பார்க்கலாம்" என்று சொல்ல ஆகும் நேரம்தான்.